வெள்ளையர் அல்லாத பேராசிரியர்கள் சேர்கிறார்கள், நான்காம் வருடம் போய்விடுகிறார்கள்: துறை அளவில் என்ன செய்யலாம்?

ஆற்றுமணல் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவில் ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகம், சமூக அறிவியல் துறை, ஏறத்தாழ 30 பேர். கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பூர்வகுடியினர், ஆசியர் என்று பலரையும் உதவிப் பேராசிரியர்களாக எடுப்பதில் பெரிய தடை இல்லை. தங்குவதுதான் இல்லை. மூன்றாம் வருட மதிப்பீடு முடிந்ததும் கிளம்பத் தொடங்குகிறார்கள். டெனியூர் (நிரந்தரப் பணி உறுதி) மறுக்கப்பட்டுப் போகிறவர்கள் குறைவு. தாங்களாகவே வேறு இடம் பார்த்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம். காரணம் கேட்டால் "குடும்பச் சூழ்நிலை" என்று ஒரு வரி.

இதுவரை துறை செய்தவை: ஆளுக்கு ஒரு மூத்த வழிகாட்டி, மாதம் ஒரு மதிய உணவு, வருடத்துக்கு ஒரு முறை அரை நாள் பயிலரங்கு. பலன் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தின் பன்மைத்துவ அலுவலகம் மூடப்பட்டுவிட்டது, அதனால் மேலிருந்து உதவி வராது. டீன் வருடத்துக்கு ஒன்றிரண்டு பாடக் குறைப்புகளுக்கு (ஒருவர் ஒரு பாடம் குறைவாக நடத்துவதற்கு) பணம் தருவார், அவ்வளவுதான்.

துறைத்தலைவரும் பணியாளர் கமிட்டியும் தங்கள் கையில் இருக்கும் அதிகாரத்தை வைத்து எதைச் செய்யலாம், எதை முதலில் செய்யலாம்? காகிதத்தில் என்ன எழுதுவது, எந்த மாதத்தில் எதைப் பார்ப்பது என்ற அளவில் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.


மேட்டுக்காடு:

ஆற்றுமணல், அந்த மதிய உணவில் ஏன் எதுவும் நடக்கவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். வழிகாட்டியாகப் போட்டிருப்பவர் அதே துறையில் டெனியூருக்கு ஓட்டுப் போடப்போகிறவர். தனக்கு எது ஓடவில்லை, யார் தடையாக இருக்கிறார் என்று எந்த இளையவரும் அவரிடம் வாய் திறக்கமாட்டார். சாப்பாடு நல்லபடியாக முடியும், பிரச்சினை அப்படியே இருக்கும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 'லாஞ்ச் கமிட்டி' என்று ஒரு ஏற்பாடு உண்டு, அதைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் வருடம் முழுவதும் ஒரு சிறு குழு: துறைத்தலைவர், துறைக்குள் ஒரு மூத்தவர், துறைக்கு வெளியே ஒரு மூத்தவர், கூட்டத்தை நடத்திக் குறிப்பெடுக்க ஒருவர். மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம். பேசுவதெல்லாம் நடைமுறைதான். ஆய்வைத் தொடங்கக் கொடுக்கும் ஸ்டார்ட்டப் பணத்துக்குக் கணக்கு எண் திறந்தாயிற்றா, ஆய்வு உதவியாளரை எடுத்தாயிற்றா, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு ஐஆர்பி (ஆய்வு நெறிக் குழு) ஒப்புதல் எங்கே நிற்கிறது, அடுத்த பருவத்துக்கு எந்தப் பாடம். துறைத்தலைவர் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே தடை வெளிவருவதால் அடுத்த மாதத்துக்குள் அவர் அதை அவிழ்த்தாக வேண்டும். வெளித்துறை மூத்தவருக்கு ஓட்டு இல்லை, அதனால் கூட்டத்துக்கு வெளியே அவரிடம் மனம் விட்டுப் பேசலாம். செலவு அநேகமாக இல்லை. கூட்டக் குறிப்பை எழுதாமல் விட்டால் மூன்றாவது மாதத்தில் இதுவும் மதிய உணவாகிவிடும், அதை மட்டும் கவனியுங்கள்.

அடுத்து நியமனக் கடிதம். அதோடு இரண்டு பக்க ஒப்பந்தக் குறிப்பு ஒன்றை இணைக்கவேண்டும். ஆப்பிரிக்க-அமெரிக்க ஆய்வு, லத்தீன் ஆய்வு, சமூகத்தோடு சேர்ந்து செய்யும் சுகாதார ஆய்வு என்று வருபவர்களுக்கு இது உயிர்நாடி. டெனியூரில் எவை ஆய்வாகக் கணக்கில் வரும், எந்த வகை இதழ்கள், நூல் அத்தியாயம் உண்டா, மாநில அரசுக்கு எழுதிக் கொடுத்த அறிக்கை உண்டா என்று சேரும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். ஆறாம் வருடம், டெனியூர் முடிவின்போது, கமிட்டியில் ஒருவர் "இந்த இதழை நான் கேள்விப்பட்டதே இல்லை" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் அந்தக் குறிப்பில் இருக்கவேண்டும்.

இரு துறைகளில் பாதிப் பாதி நியமனம் என்றால் இன்னும் கவனம். 50–50 என்று போட்டால் யார் முடிவெடுப்பது என்று தெரியாமல் இரண்டு துறைகளும் ஒதுங்கும். 51–49 என்று போட்டு, டெனியூர் எந்தத் துறையில் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். மற்றத் துறை ஒரு கடிதம் மட்டும் தரட்டும். கமிட்டி வேலை இரண்டிலும் சேர்த்து ஒருவருக்குரியதைத் தாண்டக்கூடாது என்றும் எழுதுங்கள். இது எழுதப்படாத இடங்களில் அந்த மனிதர் இரண்டு துறைக் கூட்டங்களிலும் முழு உறுப்பினர், இரண்டு பட்டியலிலும் கமிட்டி, ஆனால் சம்பள உயர்வு வரும்போது இரு துறைத்தலைவர்களும் "அவர் உங்கள் ஆள்" என்கிறார்கள்.

மூன்றாம் வருடத்துக்குப் பிறகு கிளம்புகிறார்கள் என்றீர்கள். அந்த மதிப்பீட்டுக் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். வெள்ளையர் அல்லாத இளையவருக்கு எதிர்மறையாக ஏதும் எழுத அஞ்சி, "சிறப்பாகச் செயல்படுகிறார், இதே வேகத்தில் தொடரட்டும்" என்று அரைப் பக்கத்தில் முடித்திருப்பார்கள். அதே துறையில் மற்றொருவருக்கு "இன்னும் இரண்டு கட்டுரை, அதில் ஒன்றாவது தனியாக எழுதியது, அடுத்த வருடம் அக்டோபருக்குள் நிதி விண்ணப்பம்" என்று வழி போட்டிருக்கும். மரியாதை போலத் தெரியும் அந்த அரைப் பக்கம் ஆளைக் கைவிடுவதுதான். தனக்கு இங்கே எதிர்காலம் உண்டா என்று அவரால் கணிக்கவே முடியாது, அதனால் கணிக்க முடிகிற இடத்தைத் தேடிப் போகிறார். கடிதத்தில் எத்தனை, எது, எப்போதைக்குள் என்ற மூன்றும் இல்லையென்றால் கமிட்டி கையெழுத்துப் போடக்கூடாது என்று விதி வையுங்கள்.


தாழம்பூ:

மேட்டுக்காடு சொன்னதில் ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன். ஆனால் நான்காம் வருடம் ஆள் களைத்துப்போவதற்குப் பெரிய காரணம் கணக்கில் வராத வேலை. 1994ல் அமாடோ பதில்லா என்ற உளவியலாளர் இதற்குப் 'பண்பாட்டு வரி' என்று பெயர் வைத்தார். எல்லாக் கமிட்டியிலும் ஒரு கறுப்பினத்தவர் வேண்டும், துறையில் இருப்பதோ இரண்டு பேர், ஆகவே இருவரும் எல்லாக் கமிட்டியிலும். அதோடு, துறையின் எந்தப் பட்டியலிலும் இல்லாத மாணவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள், வீட்டில் சிக்கல் உள்ளவர்கள், வகுப்பில் புண்பட்டவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப மனசு வராது. அனுப்பவும் கூடாது. ஆனால் அந்த நேரம் அவருடைய கட்டுரையிலிருந்துதான் போகிறது.

"வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொள்" என்ற அறிவுரை இங்கே வேலை செய்யாது. கேட்பவர் துறைத்தலைவர், மறுப்பவர் ஓட்டுக்குக் காத்திருப்பவர். கேட்கிறவர் கையைக் கட்டவேண்டும். மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் கேரியான் ஓமேரா முன்னின்று நடத்திய ஆய்வுத் திட்டத்தில் துறைகள் வேலைப் பட்டியலை எல்லோரும் பார்க்கும்படி பலகையாக வைத்தன. அதே வழியில் ஒரு துறைக்கு இப்படிச் செய்யலாம்.

ஒரு விரிதாள் போதும். ஒருவருக்கு ஒரு வரி. நெடுவரிசைகள்: பாடங்களும் மாணவர் எண்ணிக்கையும், புதிதாகத் தயாரித்த பாடம், முனைவர் பட்ட மாணவர்கள், பிறருடைய மாணவர்களின் ஆய்வேட்டுக் கமிட்டிகள், துறை–கல்லூரி–பல்கலைக்கழகக் கமிட்டிகள், எழுதிய பரிந்துரைக் கடிதங்கள், பட்டியலில் இல்லாத மாணவர்கள். ஒரு பருவத்தில் 15 மணி நேரத்தை ஒரு புள்ளி என்று கொள்ளுங்கள். ஆள் தேடும் கமிட்டியில் 80 விண்ணப்பம் படித்து மூன்று பேரை நேரில் வரவழைத்தால் அதுவே 3 அல்லது 4 புள்ளி வரும், மாதம் ஒரு மணி நேரம் கூடும் நூலகக் கமிட்டி அரைப் புள்ளிக்கும் குறைவு. இரண்டையும் "ஒரு கமிட்டி" என்று எண்ணுவதில்தான் அநியாயம் நடக்கிறது. 9 புள்ளி என்றால் 135 மணி நேரம், ஏறத்தாழ ஒரு பாடம் நடத்தும் உழைப்பு. வருட வரம்பு என்று துறை தீர்மானித்ததற்கு மேல் 9 புள்ளி சேர்ந்தவருக்கு டீன் தரும் பாடக் குறைப்பைக் கொடுங்கள். யாருக்குக் கொடுப்பது என்ற சண்டையே வராது.

பட்டியலில் இல்லாத மாணவர்களை எப்படி எண்ணுவது? பருவம் முழுக்கக் குறித்து வைக்கச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள். நான்காவது வாரம், பத்தாவது வாரம், இந்த இரண்டு வாரம் மட்டும் எல்லோரும் குறிக்கட்டும். ஒரு வாரச் சராசரியைப் பருவத்தின் 15 வாரத்தால் பெருக்குங்கள். மாணவர் பெயர் வேண்டாம், நிமிடக் கணக்கு மட்டும்.

தவறிப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது, கமிட்டியில் பெயர் மட்டும் இருந்து வேலை செய்யாதவருக்கும் அதே புள்ளி. ஆகவே தலைவர், உறுப்பினர் என்று தனித்தனி அளவும், வருட முடிவில் கமிட்டித் தலைவரின் ஒப்பமும் வேண்டும். இரண்டாவது, பெயரை மறைத்து வெளியிடுவது. பெயரோடு இருந்தால்தான் மூத்தவர்கள் தங்கள் வரியைப் பார்த்துத் தாங்களே கைதூக்குவார்கள். அது நடப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். மூன்றாவது, டெனியூர் கோப்பில் இந்தப் புள்ளிகளுக்கு இடமே இல்லாதது. துறையின் விதிமுறையிலேயே எழுதாவிட்டால் விரிதாள் வெறும் விரிதாள்தான்.

டெனியூர் கிடைத்த பிறகும் இதே பண்பாட்டு வரி தொடரும் என்பதை மறக்கவேண்டாம். கிடைத்த மறுநாளே இணை டீன், திட்ட இயக்குநர் என்று பதவிகள் வரும், அதில் விழுந்தவர் முழுப் பேராசிரியர் ஆவது ஐந்தாறு வருடம் தள்ளிப்போகும். டெனியூருக்குப் பின் முதல் இரண்டு வருடம் நிர்வாகப் பதவி கிடையாது, அதற்குள் ஆய்வு விடுப்பு என்று துறை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது நல்லது.


வடகாற்று:

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லை, அதைச் சொல்கிறேன். பல்கலைக்கழக வழக்கறிஞரிடம் கேட்காமல் எதையும் செய்துவிடாதீர்கள், ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

இனத்தைக் கணக்கில் எடுப்பதற்கு எதிராக 2023 ஜூனில் வந்த ஹார்வர்டு தீர்ப்பு மாணவர் சேர்க்கையைப் பற்றியது. பேராசிரியர் வேலைக்கு, வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் வருடச் சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் தலைப்பு உண்டு. 1972 திருத்தத்துக்குப் பிறகு அது கல்வி நிறுவன ஆசிரியர்களுக்கும் பொருந்தும். இனத்தைப் பார்த்து ஒருவருக்குச் சம்பளம், பாடக் குறைப்பு, நிதி என்று கொடுத்தால் அந்தத் தலைப்பில் வழக்கு வரும். வெள்ளையர் வழக்குப் போட்டாலும் கூடுதல் நிரூபணம் தேவையில்லை, எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான் என்று 2025 ஜூனில் ஓஹாயோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. ஆகவே தாழம்பூ சொன்ன முறைதான் பாதுகாப்பு. வேலையை எண்ணுகிறீர்கள், தோலின் நிறத்தை எண்ணவில்லை. லாஞ்ச் கமிட்டியையும் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் வையுங்கள். யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு அதிகம் பயன்படும்.

டெக்சஸ் மாநிலத்தின் எஸ்.பி. 17 என்ற சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பன்மைத்துவ அலுவலகங்களை மூடியது. ஆனால் வகுப்பில் கற்பிப்பது, ஆய்வு, மாணவர் அமைப்புகளின் நிகழ்ச்சி, விருந்தினர் உரை, தரவு சேகரிப்பு ஆகியவற்றுக்கு அதிலேயே விலக்கு உண்டு. சட்டம் தடுக்காததையும் பயத்தில் நிறுத்திவிடும் நிர்வாகங்கள் உண்டு. உங்கள் மாநிலச் சட்டத்தின் விலக்குப் பகுதியை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். யார் போகிறார்கள், எந்த வருடம் போகிறார்கள் என்ற எண்ணிக்கையை நிறுத்தச் சொன்னால் எந்தப் பிரிவின்படி என்று கேளுங்கள்.

டெனியூர் மறுக்கப்பட்டவருக்குத் துறையில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு, அதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். சமவாய்ப்பு ஆணையமான இ.இ.ஓ.சி.யிடம் புகார் கொடுக்க 180 நாள், மாநிலத்துக்கென்று தனி ஆணையம் இருந்தால் 300 நாள். எந்த நாளிலிருந்து? 1980ல் டெலவேர் மாநிலக் கல்லூரிக்கு எதிரான ரிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்தது. லைபீரியாவிலிருந்து வந்த கறுப்பினப் பேராசிரியர் அவர். மறுப்பும் கடைசி ஒரு வருட ஒப்பந்தமும் 1974 ஜூன் 26 அன்று தெரிவிக்கப்பட்டன, ஒப்பந்தம் முடிவது 1975 ஜூன் 30. அவர் கடைசி நாளை நம்பியிருந்தார். கடிதம் வந்த நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிட்டது என்றது நீதிமன்றம். உள்ளே மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தாலும் காலம் நிற்காது. மேல்முறையீட்டுக் கமிட்டி பத்து மாதம் இழுக்கும், அதற்குள் புகார் உரிமை போய்விடும். இதுதான் பலருக்கு நடக்கிறது. மறுப்புக் கடிதத்தைக் கையில் கொடுக்கும் துறைத்தலைவர் இந்தத் தேதிக் கணக்கைச் சொல்வது குறைந்தபட்ச நேர்மை. நாள் தப்பியவர்களுக்கு 1981ஆம் பிரிவு (வருடம் அல்ல, பிரிவின் எண்) என்ற பழைய சட்டம் உண்டு, ஆனால் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் மீது அது செல்லுமா என்று முதலில் வழக்கறிஞரிடம் கேட்கவேண்டும். இனப் பாகுபாட்டுக்கு மட்டும் பொருந்தும், நான்கு வருடம் வரை அவகாசம், ஆணையத்திடம் முதலில் போகத் தேவையில்லை. அரேபிய வம்சாவளியினரும் அதில் அடங்குவர் என்று 1987ல் தீர்ப்பானது. அதுவும் டெனியூர் மறுக்கப்பட்ட ஒரு பேராசிரியரின் வழக்குதான்.

கமிட்டிக்காரர்களுக்கு ஒன்று. டெனியூர் கடிதங்கள் ரகசியம் என்று நினைத்து எழுதுகிறார்கள். 1990ல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக வழக்கில் அந்தக் கோப்பை ஆணையம் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. "உச்சரிப்பு புரியவில்லை", "துறையின் சூழலோடு ஒட்டவில்லை" போன்ற வரிகள் ஒரு நாள் உரக்கப் படிக்கப்படும்.


நெடுந்தீவான்:

வணக்கம். கனடாவிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே சட்டம் வேறு. உரிமைச் சாசனத்தின் 15(2)ஆம் பிரிவு பின்தள்ளப்பட்டவர்களுக்கென்று தனித் திட்டம் வைக்க இடம் தருகிறது. அதனால் கனடா ஆய்வு இருக்கைகளுக்கு 2029க்குள் எட்டவேண்டிய இலக்கு எண்ணிக்கையாகவே எழுதியிருக்கு, வெள்ளையர் அல்லாதவர்களுக்கு 22 சதவிகிதம். அமெரிக்காவில் இருக்கிற ஆக்கள் இதைப் பார்த்து அப்படியே எடுக்க ஏலாது.

எடுக்கக்கூடியது ஒன்று இருக்கு: மாணவர் மதிப்பீடு பற்றின 2018 தீர்ப்பு. டொரோண்டோவில் அப்ப ரையர்சன், இப்ப டொரோண்டோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகம். நிர்வாகத்துக்கும் ஆசிரியர் சங்கத்துக்கும் கனகாலமாய் இருந்த பிணக்கில் நடுவர் வில்லியம் கப்லான் சொன்னது: மாணவர் நிரப்புகிற படிவத்தின் சராசரியை வைத்து ஒருவரின் கற்பித்தல் திறனை அளந்து டெனியூருக்கும் பதவி உயர்வுக்கும் பயன்படுத்தக்கூடாது. இனம், பால், உச்சரிப்பு, வயது எல்லாம் அந்த எண்ணுக்குள்ளே கலந்து வருது என்பதுதான் அடிப்படை. மாணவருக்கு வகுப்பில் கிடைத்த அனுபவத்தை அறிய அந்தப் படிவம் உதவும், அதற்கு மட்டும் வைத்திருக்கலாம்.

உங்கள் துறையில் சங்கமும் நடுவரும் இல்லாவிட்டாலும் செய்யக்கூடியது: 5க்கு 4.1 எடுத்தவரையும் 4.4 எடுத்தவரையும் ஒப்பிடுகிறதை நிறுத்துங்கோ. 12 பேர் பதில் போட்ட வகுப்பில் கோபமான ஒரு மாணவர் எல்லாவற்றுக்கும் 1 போட்டால் சராசரி கால் புள்ளிக்கு மேல் கீழே போகும். சராசரிக்குப் பதிலாக எத்தனை பேர் எந்தப் பதில் போட்டார்கள் என்ற பரவலைக் காட்டுங்கோ, பதில் போட்டவர் விகிதத்தையும் பக்கத்தில் எழுதுங்கோ. வகுப்புக்கு வந்து பார்க்கிறவர் வருடத்தில் இரண்டு முறை, ஒரே படிவத்தோடு, முன்கூட்டியே சொல்லிவிட்டு வரட்டும். இனவாதம், நிறம் பற்றின பாடம் நடத்துகிறவருக்கு எண் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். அந்தப் பாடத்தை வெள்ளையர் ஒருவர் முன்பு நடத்தியிருந்தால் அவருடைய எண்ணையும் எடுத்துப் பாருங்கோ. மாணவர் எழுதின கொச்சையான வசவுகளை ஆசிரியர் படிக்கிறதுக்கு முன்பே ஒருவர் நீக்க வேண்டும். அதைப் படிச்சுப்போட்டு அடுத்த நாள் அதே வகுப்பில் போய் நிற்கிறது எவ்வளவு பாரம் என்று கொஞ்சம் நினைச்சுப் பாருங்கோ.


கீழ்வானம்:

வெள்ளையர் அல்லாதவர்களில் கணிசமானோர் இந்தியா, சீனா, நைஜீரியா, மெக்சிகோ என்று வெளிநாட்டில் பிறந்தவர்கள். நம் ஊர்க்காரர்களும் இதில் நிறைய. இவர்கள் விஷயத்தில் ஒரு தேதியைத் தவறவிட்டாலே ஆள் போய்விடுவார். அதை யாரும் இனப் பாகுபாடு என்று பேசமாட்டார்கள், ஆனால் விளைவு ஒன்றுதான்.

எச்-1பி விசாவுக்கு ஆறு வருடம்தான் ஆயுள். பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு உச்சவரம்பும் குலுக்கலும் கிடையாது, ஆறு வருட எல்லை மட்டும் உண்டு. கிரீன் கார்டுக்கான தொழிலாளர் சான்றில் கல்லூரி ஆசிரியர்களுக்கென்று தனிச் சலுகை வழி உண்டு: ஆள் எடுத்தபோது போட்ட தேசிய விளம்பரத்தையே காட்டலாம், "தகுதியானவர்களில் இவரே சிறந்தவர்" என்றால் போதும். நிபந்தனை, தேர்வு செய்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் விண்ணப்பம் போயிருக்கவேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அல்ல, தேர்ந்தெடுத்த நாளிலிருந்து. பிப்ரவரியில் தேர்வு, ஆகஸ்டில் சேர்க்கை என்றால் ஆறு மாதம் ஏற்கெனவே போயிற்று. "மூன்றாம் வருட மதிப்பீடு முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று துறை சொன்னால் 18 மாதம் தாண்டிவிடும். பிறகு மறுபடி விளம்பரம் போட்டுத் தேர்வு முழுவதையும் நடத்தவேண்டும், இல்லையென்றால் வழக்கமான வழியில் போய்க் குறைந்தபட்சத் தகுதியுள்ள அமெரிக்கர் ஒருவர்கூட இல்லை என்று நிரூபிக்கவேண்டும். பேராசிரியர் வேலைக்கு அந்த நிரூபணம் அநேகமாக நடவாத காரியம்.

விளம்பரம் இணையத்தில் மட்டும் வந்திருந்தால் 30 நாள் இருந்ததற்கான ஆதாரம் வேண்டும். முதல் நாளும் கடைசி நாளும் திரைப்பிடிப்பு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஆள் தேடும் கமிட்டியின் குறிப்புகள், மற்றவர்களை ஏன் எடுக்கவில்லை என்ற காரணங்கள், இவற்றையும் சேமிக்கவேண்டும். ஒரு வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது. அந்தத் தொழிலாளர் சான்றுக்கான வழக்கறிஞர் கட்டணத்தையும் விளம்பரச் செலவையும் வேலை கொடுப்பவர்தான் தரவேண்டும், சேர்ந்தவர் தலையில் கட்டுவது விதிமீறல். துறைக்கு இது தெரியாமல் ஸ்டார்ட்டப் பணத்தில் கழிக்கப் பார்ப்பதுண்டு. முதலிலேயே தனிச் செலவாக ஒதுக்குங்கள்.

இந்தியாவில் பிறந்தவருக்கு ஈபி-2 என்ற கிரீன் கார்டு பிரிவின் வரிசை பத்து வருடத்துக்கும் மேல் போகும். ஐ-140 (வேலை கொடுப்பவர் போடும் கிரீன் கார்டு மனு) ஒப்புதல் கையில் இருந்தால் ஆறு வருடத்துக்குப் பிறகும் மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கலாம், அதனால் அந்த ஒப்புதலை இரண்டாம் வருட முடிவுக்குள் வாங்குவதே இலக்கு. ஆய்வில் முன்னணியில் இருப்பவருக்குச் சிறந்த பேராசிரியர் பிரிவான ஈபி-1பி பொருந்துமா என்றும் பாருங்கள். அதற்குத் தொழிலாளர் சான்று வேண்டாம், மூன்று வருட அனுபவம் வேண்டும். துணைவருக்கு வேலை அனுமதி எப்போது வரும் என்பதும் இந்த ஐ-140 தேதியோடு கட்டுண்டது. "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதிக் கொடுத்துப் போனவர்களில் எத்தனை பேருக்கு உண்மைக் காரணம் இதுவாக இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.


ஆற்றுமணல்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. 18 மாதக் கணக்கும் ரிக்ஸ் வழக்கும் துறையில் யாருக்குமே தெரியாது, இது உறுதி. இரண்டு விஷயம் மட்டும் இன்னும் கேட்கவேண்டும். ஒன்று, போகிறவர்களிடம் உண்மையான காரணத்தை எப்படி வாங்குவது? ஆட்கள் சிலர்தான் என்பதால் பெயர் இல்லாமல் கேட்டாலும் யார் என்று தெரிந்துவிடும். இரண்டு, வெளியிலிருந்து வேலை வாய்ப்போடு வந்து நிற்பவருக்குத் துறை எதிர்ச் சலுகை கொடுப்பது சரியா?


மேட்டுக்காடு:

முதல் கேள்விக்கு: போகும் வாரத்தில் துறைத்தலைவரோ மனிதவளப் பிரிவோ கேட்டால் "குடும்பம்" என்றுதான் பதில் வரும், பரிந்துரைக் கடிதம் இன்னும் தேவைப்படும் என்பதால். ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கழித்து, துறையைச் சாராத ஒருவர் தொலைபேசியில் பேசட்டும். ஹார்வர்டு கல்விப் பள்ளியில் தொடங்கிய கோச் என்ற அமைப்பு வெளியேறுபவர்களுக்கென்று தனிக் கருத்தாய்வே நடத்துகிறது, பல்கலைக்கழகம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ப்ரோவோஸ்ட் (பல்கலைக்கழகத்தின் கல்விப் பொறுப்புத் தலைவர்) அலுவலகத்தில் விசாரியுங்கள். அறிக்கையில் ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் தனியாகக் காட்டாதீர்கள், ஐந்து வருடத்தைச் சேர்த்து எழுதுங்கள், மேற்கோள் வேண்டாம். அதைவிடப் பயன் தருவது இருப்பவர்களிடம் கேட்பது. ஒவ்வொரு அக்டோபரிலும் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர் எல்லோரிடமும் துறைத்தலைவர் அரை மணி நேரம்: எது உங்கள் வேலையைத் தாமதப்படுத்துகிறது, அடுத்த வருடம் எது மாறினால் நன்றாக இருக்கும், வெளியே யாராவது அழைத்தார்களா. கேட்டதில் ஒன்றையாவது டிசம்பருக்குள் செய்து காட்டமுடியாது என்றால் கேட்காமலே இருப்பது நல்லது, ஏனென்றால் கேட்டுவிட்டுச் செய்யாமல் விட்டால் அடுத்த அக்டோபரில் யாரும் உண்மை பேசமாட்டார்கள்.

அக்டோபர் என்று சொல்வதற்குக் காரணம் அமெரிக்க வேலைச் சந்தையின் காலண்டர். நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நேர்காணல், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வாய்ப்புகள். வேறு பல்கலைக்கழகத்தில் இருப்பவரை அடுத்த கல்வியாண்டுக்கு அழைப்பதானால் மே 1க்குள் அழைத்துவிட வேண்டும் என்பது அமெரிக்கப் பேராசிரியர் சங்கமான ஏ.ஏ.யூ.பி.யின் நெறி. கடிதத்தோடு மார்ச்சில் வந்து நிற்பவர் மனதளவில் ஏற்கெனவே வீடு பார்த்துவிட்டார்.

எதிர்ச் சலுகை கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அதை மட்டுமே சம்பளம் உயரும் வழியாக வைத்திருப்பது தவறு. வெளியே தொடர்புகள் அதிகமுள்ளவருக்கே அது கிடைக்கும், மற்றவரும் கடிதம் வாங்கி வரத்தான் சந்தைக்குப் போகிறார், போனவர் அங்கே பிடித்துப்போய்த் தங்கிவிடுகிறார். புதிதாக எடுக்கும் ஆளின் சம்பளம் ஐந்து வருடம் முன்பு சேர்ந்தவரைத் தாண்டுவது வருடாவருடம் நடக்கிறது. 30 பேருக்குப் புள்ளியியல் சூத்திரம் போட்டுப் பயனில்லை. முனைவர் பட்டம் பெற்ற வருடம், பதவி, இப்போதைய சம்பளம் என்று மூன்று நெடுவரிசை வைத்து அருகருகே இருப்பவர்களை ஒப்பிட்டாலே இடைவெளி கண்ணில் படும். அந்தத் தாளை நவம்பரில் டீனிடம் கொண்டுபோங்கள், அடுத்த வருட பட்ஜெட் முடிவாவதற்கு முன்னால்.

துணைவருக்கு வேலை என்றால் பல இடங்களில் செலவை மூன்றாகப் பிரிப்பார்கள். அழைக்கும் துறை ஒரு பங்கு, துணைவரை ஏற்கும் துறை ஒரு பங்கு, ப்ரோவோஸ்ட் ஒரு பங்கு, மூன்று முதல் ஐந்து வருடம் வரை. அந்தக் காலம் முடிந்ததும் யார் கொடுப்பது என்று எழுதாவிட்டால் ஐந்தாம் வருடம் இருவரும் சேர்ந்து போவார்கள்.

டெனியூரோடு மூத்தவரை அழைக்கிறீர்கள் என்றால் அறங்காவலர் குழு கூடும் தேதியையும் கடிதத்தில் போடுங்கள். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் 2021ல் கறுப்பினப் பத்திரிகையாளர் நிக்கோல் ஹன்னா-ஜோன்ஸ் விஷயத்தில் ஆசிரியர் கமிட்டி டெனியூருக்குப் பரிந்துரைத்தும் அறங்காவலர்கள் அதை எடுக்காமலே வைத்திருந்தார்கள், ஐந்து வருட ஒப்பந்தம் மட்டும் முன்வந்தது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகு ஜூன் 30 அன்று 9–4 என்று டெனியூர் கொடுத்தார்கள். அவர் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த வளாகத்தில் ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருந்த கறுப்பினப் பேராசிரியர்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.


தாழம்பூ:

ஆற்றுமணல், எதை முதலில் என்று கேட்டிருந்தீர்கள். இந்த வாரமே இரண்டு கோப்பைத் திறந்து பாருங்கள். விசாவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தேர்வு செய்த தேதி, 18 மாதம் முடியும் தேதி. பிறகு இந்த வருடம் மூன்றாம் வருட மதிப்பீட்டுக்கு வருபவர்களின் கடித வரைவு. விரிதாள் அடுத்த பருவத்தின் நான்காவது வாரத்தில் தொடங்கட்டும்.